ஜெராக்ஸ் காசில் நடக்கும் ஆராய்ச்சி

ஏதாவது ஒரு நர்சிங் கல்லூரி நூலகத்துக்குள் போக நேர்ந்தால், எம்.எஸ்சி. ஆய்வேடுகளை அடுக்கி வைத்திருக்கும் அலமாரியைப் பாருங்கள். கறுப்பு ரெக்சின் அட்டை, அதில் தங்க எழுத்து. பத்துத் தலைப்புகளைப் படித்தால் மீதியை நீங்களே சொல்லிவிடலாம். இன்ன ஊரில் உள்ள தாய்மார்களிடம் இன்ன நோயைப் பற்றிய அறிவை வளர்ப்பதில் திட்டமிட்ட கற்பித்தலின் பயன். ஊர் மாறும், நோய் மாறும், தாய்மார் இருந்த இடத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் வருவார்கள். செய்முறை மட்டும் மாறாது. அறுபது பேரைப் பிடித்துக் கேள்வித்தாள் கொடுப்பது, முக்கால் மணி நேரம் வகுப்பு எடுப்பது, ஒரு வாரம் கழித்து அதே கேள்வித்தாளை மறுபடியும் நீட்டுவது. மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் என்ன செய்யும்?

மருத்துவப் பேராசிரியர்கள் சிலர் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். நர்சுகளுக்கு இதற்குமேல் யோசிக்கத் தெரியாதா என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. தெரியும். வார்டில் சில வருஷம் நின்றுவிட்டு மேல்படிப்புக்கு வரும் பெண்ணின் மனசில் கேள்விகள் குவிந்து கிடக்கும். "என்னம்மா ஆராய்ச்சி பண்ணப் போற?" என்று முதல் வாரம் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வாள். அதன்பிறகு உட்கார்ந்து செலவுக் கணக்குப் போடுவோம். நோயாளியை வீட்டுக்குப் போனபிறகும் மூன்று மாதம் போய்ப் பார்க்க வேண்டும்: போக்குவரத்துக்கு யார் கொடுப்பது? ரத்தப் பரிசோதனை வேண்டும்: லேபுக்கு யார் கட்டுவது? அப்பா வாங்கிய கல்விக் கடனில் படிக்கிறவள் அவள். மூன்றாவது வாரம் அவளே வந்து, "மேடம், நான் நாலெட்ஜ் ஸ்டடியே பண்ணிடறேன்" என்பாள். ஜெராக்ஸ், பஸ் கட்டணம், பைண்டிங். இந்த மூன்றுக்குள் அடங்கும் கேள்வியைத்தான் அவளால் கேட்க முடியும்.

செவிலியர் ஆராய்ச்சிக்கு அரசு தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று பல வருஷமாக நான் மனுவும் கையுமாக அலைவதற்கு அந்த அலமாரிதான் காரணம்.

என்ன கேள்வி, எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு நான் எடுத்த எடுப்பில் சொல்வது படுக்கைப்புண். கேட்க அசிங்கமாக இருக்கும், ஆனால் எல்லோருக்கும் புரியும். தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடப்பவரை நைட் டூட்டியில் புரட்டிப் படுக்கவைத்து, டார்ச் அடித்து, முதுகின் அடியில் எலும்பு முட்டும் இடத்தைப் பார்ப்போம். அங்கே தோல் சிவந்திருக்கும், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காது, அதுதான் முதல் நிலை என்பது நாங்கள் படித்த பாடம். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய பாடம் அது. நம் ஆட்களின் கறுத்த தோலில், நாற்பது வாட் பல்பு வெளிச்சத்தில், சிவப்பு எங்கே தெரியப்போகிறது? சுற்றியிருக்கும் தோலைவிட அந்த இடம் ஒரு சாயல் கறுத்திருக்கும், சில சமயம் ஊதா ஓடியிருக்கும். புறங்கையை வைத்தால் சூடு தெரியும். விரலுக்கு அடியில் சதை கெட்டித்திருக்கும், அல்லது சொதசொதவென்று இருக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் அல்ல. அந்த வார்டில் எனக்கு முன்பிருந்தே வேலை பார்த்த அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, "இப்ப தெரியுதா? நாளைக்குத் தோல் உரியும், பாரு" என்றார். உரிந்தது.

கறுத்த தோலில் நிறத்தை நம்பாதே, சூட்டையும் கெட்டியையும் தொட்டுப் பார் என்று இன்றைய சர்வதேச வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அக்காவுக்கு அது அப்போதே தெரியும். அவர் அளந்து எழுதவில்லை, எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று அந்த வார்டிலிருந்து ஒரு பாடப்புத்தகம் வெளியே போனது.

அதே வார்டில் இன்னொன்றும் செய்வோம். கையுறையில் தண்ணீரை நிரப்பி முடிச்சுப் போட்டு, குதிகாலுக்கு அடியில் வைப்போம். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நடக்கிற வைத்தியம். அதே வழிகாட்டு நெறிகள் அதைச் செய்யாதீர்கள் என்கின்றன. ஆக, வார்டு அறிவு என்பதெல்லாம் பொன் அல்ல. எது பொன், எது பித்தளை என்று உரசிப் பார்க்கத்தான் ஆராய்ச்சி வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்ட வேண்டும் என்பது எங்கள் வேதம். யார் சொன்னது, எந்தக் கணக்கில் இரண்டு என்று யாரும் கேட்டதில்லை. அமெரிக்காவில் நான்சி பெர்க்ஸ்ட்ரோம் என்ற செவிலியர் கேட்டார். பார்பரா பிரேடன் என்ற இன்னொரு செவிலியரோடு சேர்ந்து, படுக்கைப்புண் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் பிரேடன் அளவுகோலை உருவாக்கியவர் அவர். உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போடுவது, மொத்தம் 23, 18-இலிருந்து கீழே இறங்க இறங்க ஆபத்து. இன்று நம்மூர்த் தனியார் மருத்துவமனைகளின் கேஸ் ஷீட்டில்கூட அது இருக்கிறது. அந்தப் பெர்க்ஸ்ட்ரோம் குழு அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்த 900-க்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து, சிலரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, சிலரை 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, சிலரை 4 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டி, மூன்று வாரம் தோலைப் பார்த்தது. முடிவு 2013-இல் வெளிவந்தது. அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றுக்கும் இடையே புண் வருவதில் வித்தியாசம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு முதியவரின் தூக்கத்தைக் கலைக்க வேண்டாம், அந்த நேரத்தில் நர்சு வேறு ஒருவரைப் பார்க்கலாம் என்று அர்த்தம்.

இதை என் மாணவிகளிடம் சொன்னால் கைதட்டுவார்கள். நான் அடுத்த கேள்வியைக் கேட்பேன். நம் மெத்தை ஃபோமா? ரெக்சின் உறை போட்ட, நடுவில் குழி விழுந்த மெத்தை. சித்திரை வெயிலில் முதுகு முழுக்க வியர்வை, ரெக்சினோடு ஒட்டிய தோல். இதில் இரண்டு மணி நேரமே அதிகமாக இருக்கலாம். யாருக்குத் தெரியும்? கண்டுபிடிக்க மெத்தைகள் வேண்டும், தோலைப் பார்த்துப் பதிய ஷிப்டுக்கு ஒரு ஆள் வேண்டும், புள்ளியியல் தெரிந்தவர் வேண்டும், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும். ஜெராக்ஸ் காசில் நடக்காது.

இந்தத் திட்டத்தைத்தான் ஒரு அரசு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அந்த அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், படித்தும் பார்த்தார்.

"படுக்கைப்புண்ணுக்கு ஆராய்ச்சி எதுக்குங்க மேடம்? மெத்தை வேணும்னா மெத்தை கேளுங்க, வாங்கித் தரலாம்."

"எந்த மெத்தை சார்?"

சிரித்துவிட்டார். டீ வந்தது. குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா எந்த ஹெட்ல எழுதறது?"

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் அவர் எவ்வளவு உருப்படியான விஷயத்தைச் சொல்லியிருக்கிறார் என்று உறைத்தது. அரசாங்கத்தில் பணம் என்பது கணக்குத் தலைப்பு. தலைப்பு இருந்தால் அதில் ஆயிரம் ரூபாயாவது போட்டு வைத்து, அடுத்த வருஷம் கூட்டலாம். தலைப்பு இல்லாவிட்டால் அமைச்சரே மனசு வைத்தாலும் கோப்பு எங்கே போய்ச் சேர்வது என்று தெரியாமல் சுற்றும். அதன்பிறகு நான் சட்டமன்ற மானியக் கோரிக்கைப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். தமிழ்நாட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 19-ஆம் எண். செவிலியர் என்று தேடினால் சம்பளம் இருக்கும், பயிற்சிப் பள்ளி இருக்கும், சீருடைப் படி இருக்கும். செவிலியர் ஆராய்ச்சி என்று ஒரு வரி, நான் புரட்டிய வருஷங்களில் கண்ணில் படவில்லை.

அந்த ஒரு வரிக்காக அமெரிக்கச் செவிலியர்கள் போட்ட சண்டையை மனுவோடு இணைத்துக் கொடுப்பது என் வழக்கம். 1983-இல் அங்கே மருத்துவ நிறுவகம் என்ற ஆலோசனை அமைப்பு, செவிலியர் ஆராய்ச்சியை மைய நீரோட்ட அறிவியலுக்குள் கொண்டுவர மத்திய அரசு ஓர் அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. எட்வர்ட் மேடிகன் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் மசோதாவைத் தூக்கிச் சுமந்தார். 1984-இல் அதிபர் ரீகன் அதைத் தடுத்தார். 1985-இல் நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றியது, அவர் மறுபடி தடுத்தார். ரீகனும் மேடிகனும் ஒரே கட்சி என்பதைக் கவனியுங்கள். இந்த முறை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்து அந்தத் தடையை முறித்தன. நவம்பர் 20-ஆம் தேதி அது சட்டமானது. நிறுவனம் கேட்டவர்களுக்கு மையம்தான் கிடைத்தது. 1986-இல் தேசிய சுகாதார நிறுவனங்களுக்குள், சுமார் 1.6 கோடி டாலரோடு அந்த மையம் தொடங்கியது. முழு நிறுவனமாக 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெர்க்ஸ்ட்ரோம் மெத்தை ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அந்த நிறுவனம்தான். மேரி நெய்லர் 1999-இல் வெளியிட்ட ஆய்வுக்கும் அதுவே கொடுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் வயதானவர்களை ஒரு தேர்ந்த செவிலியர் தொடர்ந்து வீட்டில் பார்த்தால் என்ன ஆகும் என்பது அவர் கேள்வி. ஆறு மாதத்துக்குள் மறுபடி அட்மிட் ஆனவர்கள் வழக்கமான முறையில் 37 சதவீதம், செவிலியர் பார்த்த குழுவில் 20 சதவீதம். செலவு ஏறக்குறையப் பாதி. லிண்டா எய்கன் 2002-இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு, ஒரு நர்சிடம் கூடுதலாக ஒரு நோயாளியை ஒப்படைத்தால் அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று காட்டினார். உலகம் முழுக்கச் செவிலியர் சங்கங்கள் நீட்டும் காகிதம் அது.

அந்த 7 சதவீதத்தை நம்மூர் வார்டுக்கு அப்படியே போட்டுக் கணக்குப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பொதுமருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், கல்லூரி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் நெறி. நைட் டூட்டியில் ஒரே ஆளாக ஒரு வார்டு முழுவதையும் பார்த்தவர்களுக்கு அந்த எண் கதை மாதிரி இருக்கும். ஆனாலும் நம் வார்டு ஓடுகிறது. காரணம், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மா, மனைவி, மச்சான். சோறு ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவர்கள் கையில். பென்சில்வேனியாவில் இந்த ஆட்கள் இல்லை. நோயாளியோடு தங்கும் உறவினருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தால் புண் குறையும், எதைச் சொல்லிக்கொடுத்தும் பயனில்லை, எந்த வேலையை அவர்களிடம் விடவே கூடாது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிற நாட்டுப் பணம் இந்தக் கேள்விக்கு வராது.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்பவர்களுக்குச் சேத்துப்பட்டுக் கதை இருக்கிறது. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்த வேலை. காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஒரு வருஷம் படுக்கை என்று உலகம் நம்பிய காலம். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப் பேரைக் குடிசை வீட்டுக்கும் மருந்தோடு அனுப்பியது. வீட்டில் இருந்தவர்கள் சரியாகச் சாப்பிடவில்லை, ஒரே அறையில் குடும்பம் முழுக்கப் படுத்தது. ஆனாலும் சிகிச்சையின் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, அவர்களோடு வீட்டில் இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகமெங்கும் சானடோரியங்களை மூடவைத்தது.

மருந்தை நோயாளி நிஜமாகவே விழுங்கினாரா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஆய்வே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக் கதவைத் தட்டி, மீதி மாத்திரையை எண்ணி, சிறுநீர் மாதிரி வாங்கிவந்தவர்கள் இருந்தார்கள்: சுகாதாரப் பார்வையாளர்கள், செவிலியர்கள். ஃபாக்ஸ் பெயர் தெரிந்த பலருக்கு அவர்களில் ஒருவர் பெயரும் தெரியாது. அந்தச் சந்துகளில் நடந்தவர்களுக்குள் எத்தனை கேள்விகள் எழுந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

அந்த நிலைமை இன்னும் பெரிதாக மாறிவிடவில்லை. நாங்கள் எழுதிய திட்டம் ஒன்று ஓர் இடத்தில் ஏற்கப்பட்டது, ஆனால் முதன்மை ஆய்வாளராக ஒரு டாக்டரைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். போட்டோம். அவர் நல்லவர், கூட்டத்துக்கு வந்தார், கையெழுத்துப் போட்டார், தோலைப் பார்க்க மட்டும் வரவில்லை. பணம் தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. அதைவிடப் பெரிய தொல்லை நேரம். வேலையில் இருக்கும் நர்சு ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் அவர் ஷிப்டுக்கு யாராவது வர வேண்டும். அமெரிக்க மானியங்களில் ஆய்வாளரின் சம்பளத்தில் ஒரு பகுதியையே திட்டப் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இங்கே திட்டத்துக்கென்று தற்காலிக ஆட்களை அமர்த்தலாம், வார்டில் இருக்கும் ஸ்டாஃப் நர்சை விடுவிக்க வழி கிடையாது. எங்கள் பெண்கள் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, அதற்கப்புறம் டார்ச்சோடு மறுபடி வார்டுக்குள் போனார்கள். இதைத் தியாகம் என்று புகழ்ந்தால் எனக்கு எரிச்சல் வரும். சம்பளம் இல்லாத ஓவர்டைம் அது.

அரசு கேட்காது என்று சொல்லவும் மாட்டேன். 2022-இல் தமிழ்நாடு அரசு, ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் கண்டுபிடித்தவுடன் ஐந்தே ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது: உயரத்துக்கு ஏற்ற எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. ஆபத்தில் இருப்பவரை அன்றே பிரித்து அட்மிட் செய்வதற்கான வழி. எடை மெஷினும் விரலில் மாட்டும் கருவியும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே செய்யலாம். கட்டிலோரத்துக் கேள்வி ஒன்றுக்கு அரசுப் பணமும் ஆராய்ச்சியாளர்களும் கிடைத்தால் என்ன வரும் என்பதற்கு இது நம் வீட்டு உதாரணம்.

கிடைத்த வரியும் நிரந்தரம் இல்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் மொத்த நிதி 4,700 கோடி டாலர் அளவில் இருந்த 2023-இல், செவிலியர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கிடைத்தது 20 கோடிக்கும் குறைவு. நூற்றில் அரை பங்குகூட இல்லை. 2025-இல் வெள்ளை மாளிகை அனுப்பிய பட்ஜெட் முன்மொழிவு அந்த நிறுவனத்தையே எடுத்துவிடச் சொன்னது. நாற்பது வருஷத்துக்கு முன் வாங்கியதைக் காப்பாற்ற அங்குள்ள செவிலியர்கள் மறுபடி உறுப்பினர்களின் அலுவலகப் படியேறினார்கள்.

எனவே இங்கே மனு எழுதும் இளைய தோழிகளுக்கு நான் சொல்வது இதுதான். பொதுவாக ஆராய்ச்சிக்கு நிதி தேவை என்று எழுதாதீர்கள். ஒரே பக்கம், தமிழில், ஒரு நோயாளி, ஒரு கேள்வி, ஒரு தொகை. மூன்றைக் கேளுங்கள்: துறைக்குள் செவிலியர் ஆராய்ச்சிக்கு ஒரு கணக்குத் தலைப்பு, செவிலியரே முதன்மை ஆய்வாளராக இருக்க அனுமதி, அவர் ஷிப்டுக்குப் பதில் ஆள். அமைச்சரைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் குறிப்பு எழுதும் பிரிவு அலுவலரைப் பார்க்காமல் வராதீர்கள். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வாசிக்கப்படும் என்பதால் பலரும் ஜனவரியில் ஓடிவருகிறார்கள். துறைகள் கோரிக்கைகளைத் திரட்டுவது அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில். மனு செப்டம்பருக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.